நாய்க்கு மூட்டு வலி: சில ரூபாய் மாத்திரை, ₹7,400 பில்

எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோவுக்கு ஒருத்தர் கேட்ட கேள்வி: "சார், வீட்ல வயசான நாய் இருக்கு. அதோட மருத்துவச் செலவை எந்தக் கணக்குல வைக்கிறது?" இந்தப் பாடத்தை நான் காசு கட்டிப் படிச்சவன். அதனால விரிவாவே சொல்றேன்.

நடந்தது என்ன?

திண்டுக்கல்ல எங்க வீட்டு மணிக்கு 11 வயசு, 18 கிலோ எடை. தெருவுல கிடைச்ச நாட்டு நாய்தான். போன மார்கழிக் குளிர்ல காலையில எந்திரிக்கவே சிரமப்பட்டான். டைல்ஸ் தரையில பின்னங்கால் வழுக்கும். அதைப் பார்க்கப் பொறுக்காம அப்பா, தன்னோட முட்டி வலிக்கு வாங்கி வச்சிருந்த டைக்ளோஃபினாக் மாத்திரையைச் சோத்துல வச்சுக் கொடுத்துட்டார். முதல் நாள் மணி நல்லாவே நடந்தான். "பார்த்தியாடா, டாக்டர் காசு மிச்சம்"னார்.

நாலாவது நாள் வாந்தி. மலம் தார் மாதிரி கறுப்பு. வயித்துக்குள்ள புண்ணாகி ரத்தம் கசிஞ்சிருக்கு. மூணு நாள் டிரிப்ஸ், ரத்தப் பரிசோதனை, ஊசி எல்லாம் சேர்த்து ₹7,400. பில்லைவிட, "நல்லதுன்னு நெனச்சுத்தான்டா கொடுத்தேன்"னு அப்பா கிளினிக் வாசல்லயே உட்கார்ந்திருந்ததுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. மணி பிழைச்சுட்டான்.

ஏன் இப்படி ஆகுது?

வலி, வீக்கத்தைக் குறைக்கிற இந்த வகை மாத்திரைகள், உடம்புல புரோஸ்டாகிளாண்டின் உருவாகிறதைத் தடுக்கும். ஆனா வயித்துச் சுவரையும் சிறுநீரக ரத்த ஓட்டத்தையும் காப்பாத்துறதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். டைக்ளோஃபினாக், ஐபுரோஃபென் மாதிரி நம்ம மாத்திரைகள் நாய்க்குச் சின்ன அளவுலயே ஆபத்தாகலாம். திண்டுக்கல் பூட்டுக்கு வேற சாவியைப் போட்டுத் திருகினா பூட்டுதான் கெடும். அதே கதைதான்.

நாய்களுக்குன்னு மெலாக்ஸிகாம், கார்புரோஃபென், ஃபிரோகாக்ஸிப் மாதிரி மருந்துகள் இருக்கு. புண் ஆறின பிறகு, சிறுநீரகம், கல்லீரல் டெஸ்ட் பார்த்துட்டு, டாக்டர் எடைக்கு ஏத்த அளவுல மெலாக்ஸிகாம் எழுதினார். கண்டிஷன் மூணு:

- சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்கணும்.
- ஸ்டீராய்டோட சேர்த்துக் கொடுக்கவே கூடாது.
- வாந்தி, கறுப்பு மலம், சாப்பிடாம இருக்கிறது: இதுல எது வந்தாலும் உடனே நிறுத்திட்டு போன் பண்ணணும்.

இப்போ கணக்கு (எங்க வீட்டு நிலவரம்)

- மருந்து: மாசம் ₹450, வருஷம் ₹5,400
- ரத்தப் பரிசோதனை: 6 மாசத்துக்கு ஒருமுறை ₹1,200, வருஷம் ₹2,400
- டாக்டர் ஃபீஸ்: வருஷம் 4 தடவை, ₹300 வீதம் ₹1,200
- மொத்தம்: வருஷம் ₹9,000, அதாவது மாசம் ₹750

ஆக, கேள்விக்குப் பதில் இதுதான். முன்கூட்டியே தெரிஞ்ச செலவு எமர்ஜென்சி கிடையாது. அதை எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து எடுக்காதீங்க. மாசம் ₹1,000-க்குத் தனியா ஒரு ஆர்.டி. போடுங்க. ₹750 செலவுக்கு, ₹250 எதிர்பாராததுக்கு.

வரி, இன்சூரன்ஸ்

மெடிக்கல் இன்சூரன்ஸ் வரிக்கழிவு (நமக்குப் பழகின 80டி) குடும்பத்துக்கும் பெற்றோருக்கும்தான். மணி நம்ம குடும்பம்தான், ஆனா வருமான வரித்துறைக்கு இல்லை! ஒரு சின்ன ஆறுதல்: கால்நடை கிளினிக் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லுல போட்டிருந்தா கேளுங்க. பெட் இன்சூரன்ஸ் பாலிசிகள்ல ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பெரும்பாலும் கவர் இருக்காது. வயசு வரம்பும் உண்டு. எடுக்கிறதா இருந்தா நாய் சின்ன வயசுல இருக்கும்போதே பாருங்க.

செலவே இல்லாத மருந்து

அமெரிக்காவுல 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனிச்சு 2002-ல் வெளியான ஆய்வு ஒண்ணு இருக்கு. 25% குறைவாச் சாப்பிட்டு ஒல்லியா இருந்த நாய்கள், சராசரியா ஏறத்தாழ 2 வருஷம் கூடுதலா வாழ்ந்துச்சு. மூட்டு வலிக்குச் சிகிச்சையும் தாமதமாத்தான் தேவைப்பட்டுச்சு. எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை பிரியாணி மிச்சம் இப்போ மணிக்குப் போறதில்லை. டைல்ஸ் மேல பழைய சாக்கு விரிச்சாச்சு. செலவு பூஜ்யம்.

மலிவுக்குப் பின்னால ஒரு பில்

இதே டைக்ளோஃபினாக்கை மாடுகளுக்குப் போட்டாங்க. செத்த மாட்டைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமா அழிஞ்சுது. 2006-ல் கால்நடைக்கு இந்தியா தடை போட்டுச்சு. கழுகு போனதால அழுகிய பிணங்களும் தெருநாய்களும் பெருகி, 2000-05 காலத்துல சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாப் போச்சுன்னு ஃபிராங்க், சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2024-ல் கணக்குப் போட்டாங்க.

விலை வேற, செலவு வேற. இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், அப்பா, அம்மாகிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லிடுங்க: நம்ம மாத்திரை நமக்கு, மணியோடது மணிக்கு.