லயத்து நாயும் சாதி நாயும்: வளர்ப்பதற்கு முன் தெரிந்துகொள்வோம்

தோட்டத்தில் நாய் இல்லாத லயத்தைக் காண்பது அபூர்வம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும்போது நாய் பின்னாலேயே வருகிறது. இரவில் தொங்கல் காம்பராப் பக்கம் அந்நியர் நடமாடினால் முதலில் சத்தம் போடுவதும் அதுதான். லயத்துக்குப் பின்னால் போட்டிருக்கும் மரக்கறிப் பாத்தியில் பன்றி இறங்காமல் காப்பதும் அதுவே. இவ்வளவு செய்கிற பிராணிக்கு நாம் என்ன செய்கிறோம் என்று கேட்டால், பல வீடுகளில் ஒரே பதில்தான்: "நாய்தானே, மிச்சச் சோத்தப் போட்டா அது பாட்டுக்கு வளந்துரும்."

அப்படி அது பாட்டுக்கு வளரும் நாய்தான் ஒரு நாள் பிள்ளையைக் கடித்துவிடுகிறது. தடுப்பூசி போடாமல் திரியும் நாய்தான் விசர் நோயை லயத்துக்குள் கொண்டுவருகிறது. ஆகவே நாயைத் தெரிவு செய்வது, பழக்குவது, நடக்க விடுவது, பராமரிப்பது ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்லா நாயும் ஒன்றல்ல

ஒவ்வொரு சாதி நாயும் ஒரு வேலைக்காக மனிதரால் உருவாக்கப்பட்டது. அந்த வேலை என்னவென்று தெரிந்தால் அதன் குணமும் விளங்கும்.

அல்சேஷன் ஜேர்மனியில் செம்மறியாட்டு மந்தை மேய்க்க வளர்க்கப்பட்ட நாய். 1899இல் அதற்கென்று அங்கே ஒரு சங்கமே அமைத்துச் சாதியை நிலைப்படுத்தினார்கள். நாள் முழுக்க மந்தையைச் சுற்றி ஓடிய பரம்பரை அது. லப்ரடோரின் முன்னோர்கள் கனடாப் பக்கம் நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு வேலை செய்தவை. தண்ணீரில் குதிப்பதும், எதையாவது வாயில் கவ்விக்கொண்டு வருவதும் அதன் இரத்தத்தில் ஊறியது. டோபர்மன் ஒரு வரி வசூலிப்பவர் தன் பாதுகாப்புக்காக உருவாக்கிய சாதி. டோபர்மன் என்பது அவருடைய பெயரேதான். நீளமான உடம்பும் குட்டைக் காலுமாக இருக்கும் டாஷுண்ட், வளைக்குள் புகுந்து பிராணிகளைப் பிடிப்பதற்காக வளர்க்கப்பட்டது. பொமரேனியன் குளிர் நாட்டு நாய்களின் வழி வந்தது. அதனால்தான் அவ்வளவு அடர்ந்த உரோமம்.

மலைநாட்டுக்கு வேட்டை நாய்கள் வந்த கதையும் பழையது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், நாய்க் கூட்டத்தை வைத்துக்கொண்டு மரை வேட்டையாடினார். பின்னர் துரைமாரின் பங்களாக்களில் அல்சேஷனும் லப்ரடோரும் இடம்பிடித்தன.

இனி நமது நாட்டு நாய். பலர் இதை இளக்காரமாகப் பேசுகிறார்கள். குட்டை உரோமம், அளவான உடம்பு, கொஞ்சச் சாப்பாட்டில் வாழும் பழக்கம், கூர்மையான காது என்று லயத்து வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான நாய் கிடையாது. சாதி நாய்க்குச் செய்யும் கவனிப்பில் பாதியைச் செய்தாலே நாட்டு நாய் பழகிவிடும்.

காம்பராவுக்கு ஏற்ற நாய் எது?

"பங்களாவுல அல்சேஷன் குட்டி போட்டிருக்கு, ஒண்ணு தாறேன்னாங்க" என்று சந்தோஷமாகத் தூக்கிவருபவர்கள் உண்டு. குட்டி அழகாகத்தான் இருக்கும். ஒரு வருடத்தில் அது முப்பது கிலோவைத் தாண்டிவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் அதை எங்கே வைப்பது? காலையில் எல்லோரும் மலைக்குப் போய்விட்டால் அந்தி வரை அதைச் சங்கிலியில்தான் கட்டவேண்டும். ஓடுவதற்கென்றே பிறந்த நாயை நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் அதற்குக் கோபம் ஏறும், கண்டவரையெல்லாம் பாயும். அது நாயின் குற்றமல்ல.

எனவே குட்டியை வாங்கும் முன் வீட்டார் எல்லோரும் கூடி மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு இடம் இருக்கிறதா? தினமும் நடத்திக் கூட்டிப்போக ஆள் இருக்கிறதா? அதன் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் சம்பளத்தில் மிச்சம் இருக்கிறதா? ஒன்றுக்கு இல்லை என்ற பதில் வந்தாலும் பெரிய சாதி நாய் வேண்டாம்.

குட்டியை எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. தாயோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் விளையாடும்போதுதான், கடித்தால் மற்றதுக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை.

அடித்தால் பழகுமா?

பழகாது, பயப்படும். பயந்த நாய்தான் அதிகம் கடிக்கும். இதை நாம் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரையிலான காலம் குட்டிக்கு மிக முக்கியம். அந்த வயதில் பார்த்துப் பழகியவற்றுக்கு அது பிறகு பயப்படாது. கொழுந்து லொறியின் சத்தம், தப்பு மேளம், குடை பிடித்தவர், கம்பளி போர்த்தியவர், சின்னப் பிள்ளைகள், கோழி, மாடு என்று எல்லாவற்றையும் பக்குவமாக அதற்குக் காட்டுங்கள். மற்ற நாய்கள் திரியும் இடத்தில் மட்டும், ஊசிகள் போட்டு முடியும் வரை, கீழே இறக்கிவிடாதீர்கள்.

பழக்குவதற்கு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் போதும். ரொட்டித் துண்டோ கருவாட்டுத் துண்டோ கையில் இருக்கட்டும். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்த உடனே துண்டைக் கொடுங்கள். அடுத்து "வா", பிறகு "இரு", அதன் பிறகு "விடு". "இரு" என்றாலும் சரி, பங்களாவில் சொல்வதுபோல "சிட்" என்றாலும் சரி, நாய்க்கு இரண்டும் ஒன்றே. ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லவேண்டும். அப்பா "இரு" என்றும் மகன் "சிட்" என்றும் ஆயா "ஒக்காரு" என்றும் சொன்னால் பாவம், அது எதைக் கேட்கும்?

துண்டைச் செய்த அந்த நொடியிலேயே கொடுக்கவேண்டும். அரை நிமிடம் கழித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்குத் தெரியாது. அடிப்பதும் அப்படித்தான். காலையில் செருப்பைக் கடித்ததற்கு அந்தியில் வந்து அடித்தால், வீட்டுக்கு வந்த எசமான் அடிக்கிறார் என்றுதான் அது நினைக்கும்.

இஸ்தோப்பில் அசிங்கம் செய்தால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது வீண் வேலை. குட்டி தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப்போய் ஒரே இடத்தில் விடுங்கள். அங்கே போனதும் தட்டிக்கொடுங்கள். சில வாரங்களில் பழகிவிடும்.

நடையும் ஓட்டமும்

பெரிய நாய்களான அல்சேஷன், லப்ரடோர், டோபர்மன் ஆகியவற்றுக்கு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் நடையும் ஓட்டமும் வேண்டும். காலையில் பாதி, அந்தியில் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம். நாட்டு நாய்க்கு அரை மணித்தியாலத்துக்குக் குறையாத நடை நல்லது. பொமரேனியனுக்குக் கொஞ்ச நடை போதும்.

பெரிய சாதிக் குட்டிக்கு எலும்பு முற்ற ஒரு வருடத்துக்கு மேலாகும். அதுவரை செங்குத்தான படிகளில் ஏற்றி இறக்கி நெடுந்தூரம் ஓட்டக் கூடாது. டாஷுண்டுக்கு முதுகெலும்பு பலவீனம். உயரத்திலிருந்து குதிக்க விடாதீர்கள். பங்களா நாய்களைப் பராமரிக்கும் சகோதரர்களுக்கும் இது பொருந்தும். அடர்ந்த உரோமமுள்ள நாயை உச்சி வெயிலில் ஓட்டாமல் காலையிலும் அந்தியிலும் கூட்டிப்போங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனேயும் ஓட்டக் கூடாது.

சாப்பாடு, உண்ணி, அட்டை

சோறும் ரொட்டியும் மட்டும் நாய்க்குப் போதாது. அவித்த மீன் தலை, முட்டை, இறைச்சித் துண்டு ஏதாவது சேரவேண்டும். சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயமும் சொக்லட்டும் முந்திரிகைப் பழமும் நாய்க்கு நஞ்சு. சுத்தமான தண்ணீர் எப்போதும் வைத்திருங்கள். புல்லுக்கு மருந்து அடித்த மலைப்பக்கம் நாயை விடாதீர்கள். மருந்துப் போத்தல், உரப்பை எதுவும் அதற்கு எட்டக் கூடாது.

உண்ணி கடிப்பதால் நாய்க்குக் காய்ச்சல் வரும். சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால், முரசு வெளிறிப்போயிருந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மழைக்காலத்தில் நாயின் மூக்குக்குள் அட்டை புகுந்துகொள்வதுண்டு. ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம் வடிந்து அடிக்கடி தும்மினால் இதைச் சந்தேகிக்கலாம். குட்டிகளுக்கு வாந்தியும் இரத்தபேதியும் வந்தால் அது பார்வோ என்ற தொற்றாக இருக்கலாம். ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. குட்டிகளின் வயிற்றுப் பூச்சி நமது பிள்ளைகளுக்கும் தொற்றும். பூச்சி மருந்தைக் காலம் தவறாமல் கொடுப்பதும், நாயைத் தொட்டபின் பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதும் அவசியம்.

பெட்டை நாய் சினைப்பட்டு சுமார் 63 நாட்களில் குட்டி போடும். வருடத்துக்கு இரண்டு ஈற்றும் வரலாம். தேயிலைக்குள் கொண்டுபோய் விடப்படும் குட்டிகள்தான் நாளைக்குக் கட்டாக்காலிகள். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் இந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

இரவில் நாய் எங்கே?

சிறுத்தை லயத்துப் பக்கம் வருவது பெரும்பாலும் நாயைத் தேடித்தான். வெளியே சங்கிலியில் கட்டப்பட்ட நாய் தப்பவும் முடியாது. அது சிறுத்தையை வாசலுக்கு அழைப்பது போலாகும். இரவில் நாயை உள்ளேயோ, நன்றாக மூடிய கூட்டிலோ வைக்கவேண்டும். மிச்சச் சாப்பாட்டையும் வெளியே போடாதீர்கள். பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் நாயும் சிக்கும், சிறுத்தையும் சிக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படிச் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்துபோனது. சுருக்கு வைப்பது சட்டப்படியும் குற்றம்.

விசர் நோய்: இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

விசர் நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்ற மருந்து இல்லை என்றே சொல்லவேண்டும். ஆனால் கடிபட்ட உடனே செய்யவேண்டியதைச் செய்தால் வராமல் தடுத்துவிடலாம். அதாவது பிள்ளையின் உயிர் நமது கையில் இருக்கிறது.

1. கடித்த, பிறாண்டிய, புண்ணில் நக்கிய இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள்.

2. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். பார்வை பார்ப்பது, மந்திரிப்பது என்று நேரத்தைப் போக்காதீர்கள்.

3. அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி அந்தக் காலத்தோடு போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். சொன்ன திகதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்கவேண்டும். "ஒருநாள் பேர் போயிரும்" என்று இடையில் நிறுத்திவிடாதீர்கள். பேர் அடுத்த நாள் கிடைக்கும்.

4. கடித்த நாயை அடித்துக் கொல்லவேண்டாம். கட்டிவைத்து 14 நாட்கள் கவனிக்கவேண்டும். அது செத்தால் புதைத்துவிடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். தலையைக் கொழும்பு வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கலாம். ஆனால் அந்த முடிவு வரட்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கக் கூடாது.

பூனை, கீரி, நரி கடித்தாலும் இதே முறைதான். நாய்க்கு வருடத்துக்கு ஒருமுறை விசர் தடுப்பூசி போடவேண்டும். சுகாதாரத் திணைக்களம் இதை இலவசமாகவே போடுகிறது. குட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். தோட்டத்துக்கு எப்போது வருவார்கள் என்பதைச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமோ கேட்டுவையுங்கள். ஊசி போட்ட அட்டையைப் பிள்ளையின் கிளினிக் கொப்பியோடு பத்திரமாக வைக்கலாம்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்

சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், கட்டிவைத்த நாய் ஆகிய நான்கின் கிட்டவும் போகக் கூடாது. தெரியாத நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது. கையைத் தொங்கவிட்டு, அதன் கண்ணைப் பார்க்காமல், சவுக்கு மரம்போல அசையாமல் நிற்கவேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, காதையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள்ளவேண்டும். நாய் பிறாண்டினால் அடிக்குப் பயந்து ஒளிக்காமல் அம்மாவிடம் சொல்லவேண்டும். இதற்காகப் பிள்ளையை ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து மறைத்த காயம்தான் உயிரைக் கொண்டுபோகும்.

நாயை வளர்ப்பது ஒரு பொறுப்பு. ஒரு லயத்தில் பத்து வீடு இருந்தால், பத்து வீட்டு நாய்க்கும் ஊசி போட்டால்தான் அந்த லயத்துப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. ஆகவே இந்த மாதமே உங்கள் லயத்தில் எத்தனை நாய் இருக்கின்றன, எத்தனைக்கு ஊசி போட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். போடாதவற்றின் கணக்கை நலன்புரி உத்தியோகத்தரிடம் எழுதிக் கொடுங்கள். மிச்ச வேலையைச் சேர்ந்து செய்வோம்.