சர்வகலாசாலை உணவுச்சாலையில் ஒரு பரிசோதனை

மனிதன் உண்ணும் உணவு அவனுடைய உடலை மட்டுமன்றி, அவன் வாழும் பூமியையும் பாதிக்கிறது. ஒரு தட்டு உணவு மேசைக்கு வந்து சேருமுன் நிலம் உழப்படுகிறது, நீர் இறைக்கப்படுகிறது, உரம் இடப்படுகிறது, சில சமயம் காடே அழிக்கப்படுகிறது. இவை ஒவ்வொன்றும் நிலத்திலும் நீரிலும் வாயுமண்டலத்திலும் தம் அடையாளத்தை விட்டுச் செல்கின்றன. இவ்வுண்மையை அன்றாட உணவோடு இணைத்துப் பேசுவோரில் சர்வகலாசாலை மாணவர்கள் இன்று முன்வரிசையில் நிற்கின்றனர். தாங்கள் பயிலும் நிலையத்தின் சமையலறைக்கு எப்பொருள் வாங்கப்படுகிறது, அது எவ்வாறு விளைந்தது, அதை விளைவித்தவருக்கு நியாயமான கூலி கிடைத்ததா, எவ்வளவு வீணாகிறது என்னும் கேள்விகளைப் பல நாடுகளில் அவர்கள் எழுப்பியிருக்கின்றனர். இக்கேள்விகளுக்கு விஞ்ஞானம் அளிக்கும் விடை யாது? அவ்விடையை நடைமுறைக்குக் கொண்டுவருவது எளிதா?

உணவும் உஷ்ணமும்

பூர், நெமெசெக் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 2018-ஆம் ஆண்டில் ‘சயின்ஸ்’ பத்திரிகையில் விரிவான கணக்கொன்றை வெளியிட்டனர். 119 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் விவரங்களை அவர்கள் தொகுத்து ஆராய்ந்தனர். மனிதச் செயல்களால் வெளியாகி, வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் வாயுக்களில் சுமார் 26 சதவிகிதம் உணவுத் துறையிலிருந்தே வருகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால் எல்லா உணவும் ஒரே அளவில் பொறுப்பாவதில்லை. இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மாடுகளிலிருந்து 100 கிராம் புரதம் பெறுவதற்குச் சராசரியாக 50 கிலோகிராம் கரியமில வாயுவுக்குச் சமமான வாயுக்கள் வெளியாகின்றன. அதே அளவு புரதத்தைக் கோழியிறைச்சியிலிருந்து பெற்றால் இது சுமார் 6 கிலோகிராம். பட்டாணியிலிருந்து பெற்றால் அரைக் கிலோகிராமுக்கும் குறைவு.

இவ்வளவு பெரிய வேறுபாட்டிற்குக் காரணம் என்ன? மாடும் ஆடும் அசைபோடும் பிராணிகள். அவற்றின் இரைப்பையின் முதல் அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மனிதனால் ஜீரணிக்க முடியாத புல்லையும் வைக்கோலையும் அவை சிதைத்துப் பிராணிக்கு உணவாக்குகின்றன. இந்த அரிய வேலையின்போது மெதேன் என்னும் வாயு உண்டாகிறது. பிராணி ஏப்பமிடும்போது அது வெளியேறுகிறது. 20 ஆண்டுக் காலத்தை வைத்துக் கணக்கிட்டால், எடைக்கு எடை, மெதேன் கரியமில வாயுவைப்போல் சுமார் 80 மடங்கு வெப்பத்தைத் தேக்கவல்லது. எனினும் அது வாயுமண்டலத்தில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே தங்குகிறது. ஆகவே இன்று மெதேனைக் குறைத்தால் அதன் பலன் விரைவிலேயே தெரியும். இதனோடு, மேய்ச்சலுக்கும் தீவனத்திற்கும் வேண்டிய பரந்த நிலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேம்பிரிட்ஜ் கண்ட பலன்

இக்கணக்கு ஒரு சமையலறையில் எவ்வாறு பயன்படும் என்பதைக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் அனுபவம் காட்டுகிறது. அங்கே சர்வகலாசாலையின் பொது உணவுப் பிரிவு 2016-ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து தன் சிற்றுண்டிச் சாலைகளிலிருந்து மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் அறவே நீக்கியது. விளம்பரம் ஏதுமின்றி இம்மாறுதல் செய்யப்பட்டது. தாவர உணவுகளைச் சுவையாகச் சமைப்பதற்குச் சமையற்காரர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. கொண்டைக்கடலை முதலிய பருப்பு வகைகளாலான உணவுகள் இறைச்சியின் இடத்தைப் பெற்றன.

மூன்றாண்டுகளுக்குப் பின், 2019-ஆம் ஆண்டில், கணக்குகள் வெளியிடப்பட்டன. வாங்கப்பட்ட உணவின் அளவு முன்பைவிட உயர்ந்திருந்தும், அதனால் விளைந்த வாயுக்களின் மொத்த அளவு 10.5 சதவிகிதம் குறைந்திருந்தது. ஒரு கிலோகிராம் உணவுக்கு எனப் பார்த்தால் குறைவு 33 சதவிகிதம். அதற்கு வேண்டிய நிலத்தின் அளவில் குறைவு 28 சதவிகிதம். வருமானம் விழுந்துவிடும் என்ற அச்சமும் பொய்த்தது. இலாபம் சிறிது உயர்ந்தே இருந்தது.

தடுக்காமலே மாற்ற முடியுமா?

ஓர் உணவை முற்றிலும் நீக்குவது ஒரு வழி. நீக்காமலே, உண்பவரின் விருப்பத்தைத் திருப்ப இயலுமா என்பது வேறு கேள்வி. இதையும் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்களே சோதித்தனர். எம்மா கார்னெட் என்பவரின் தலைமையில், மூன்று கல்லூரி உணவுச்சாலைகளில் விற்பனையான 94,000-க்கும் மேற்பட்ட உணவுகளின் கணக்கு ஆராயப்பட்டு, 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நான்கு உணவு வகைகளில் ஒன்று சைவமாக இருந்த இடத்தில் இரண்டைச் சைவமாக்கியபோது, சைவ உணவின் விற்பனை 40 முதல் 80 சதவிகிதம் வரை கூடியது. மொத்த விற்பனை குறையவில்லை. பகலில் சைவம் உண்டவர்கள் இரவில் அதற்கு ஈடாக இறைச்சியை மிகுதியாக உண்டதாகவும் தெரியவில்லை. அதுவரை சைவத்தை அநேகமாகத் தொடாதவர்களிடமே மாறுதல் மிகுதியாகக் காணப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

இதே குழுவினர் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி, உணவை வைக்கும் வரிசையைப் பற்றியது. வரிசையில் வருபவர் முதலில் காண்பது சைவ உணவாக இருந்தால் அதை மிகுதியாக எடுப்பாரா? ஒரு கல்லூரியில் சைவ உணவுக்கும் இறைச்சிக்கும் இடையே ஒன்றரை மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தது. அங்கே சைவ விற்பனை கால் பங்கோ அதற்கு மேலோ கூடியது. இடைவெளி ஒரு மீட்டருக்கும் குறைவாக இருந்த மற்றொரு கல்லூரியில் எவ்விதப் பலனும் காணப்படவில்லை. அங்கே எல்லா உணவும் ஒரே பார்வையில் பட்டுவிடும் அல்லவா? நல்லதெனத் தோன்றும் யோசனையையும் அளந்து பார்த்த பிறகே நம்பவேண்டும் என்பதற்கு இது சிறந்த சான்று.

வாக்கும் வாதமும்

மாணவர் சங்கங்களில் இப்பிரச்சினை வாக்கெடுப்புக்கு வந்தபோது கடும் விவாதம் எழுந்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் ஆக்ஸ்போர்டு மாணவர் சங்கத்தின் பேரவை, சர்வகலாசாலை உணவுச்சாலைகளில் மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் நிறுத்தும்படி நிர்வாகத்தை வற்புறுத்தத் தீர்மானித்தது. கேம்பிரிட்ஜ் மாணவர் சங்கம் 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இன்னும் ஒருபடி மேலே சென்றது. பாலும் முட்டையும்கூடச் சேராத தாவர உணவையே சர்வகலாசாலை உணவுப் பிரிவு வழங்கவேண்டும் என்ற கோரிக்கைக்கு, நடுநிலை வகித்தோர் நீங்கலாக, 72 சதவிகித வாக்குகள் கிடைத்தன. ஆனால் இத்தீர்மானங்கள் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்துவன அல்ல. அங்குள்ள கல்லூரிகள் தத்தம் சமையலறையைத் தாமே நடத்துகின்றன. மாணவர் சங்கம் கேட்கலாம், கட்டளையிட முடியாது.

எதிர்த்தோர் கூறிய காரணங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. பயிர் விளையாத மேட்டு நிலத்தில் புல் மட்டுமே வளரும். அப்புல்லை மனித உணவாக மாற்றவல்லவை மாடும் ஆடுமே என்று பிரிட்டிஷ் விவசாயிகள் வாதித்தனர். உலகச் சராசரியை எல்லாப் பண்ணைக்கும் பொருத்தலாகாது என்பதும் அவர்கள் கூற்று. பண்ணைக்குப் பண்ணை பெரும் வேறுபாடு உண்டு என்பதை மேற்கூறிய 2018-ஆம் ஆண்டின் ஆராய்ச்சியே காட்டுகிறது. ஆயினும் மாட்டிறைச்சியில் மிகக் குறைந்த பாதிப்புடையதும் பருப்பு வகைகளைவிட மிகுதியான வாயுக்களை வெளியிடுகிறது என்பதும் அதே ஆராய்ச்சியின் முடிவு. ஒருவர் எதை உண்பது என்பதைப் பெரும்பான்மை வாக்கு தீர்மானிக்கலாமா என்னும் கேள்விக்கோ விஞ்ஞானத்திடம் விடை இல்லை. தாவர உணவை மட்டும் உண்போர் பி-12 வைட்டமினை வேறு வழியில் பெற்றாக வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

பெர்லின் நகரின் மாணவர் உணவுச்சாலைகள் நடுவழியொன்றைக் கண்டன. மாணவர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் 34 உணவுச்சாலைகளின் உணவுப் பட்டியல் மாற்றியமைக்கப்பட்டது. அதில் 68 சதவிகிதம் முழுத் தாவர உணவு. 28 சதவிகிதம் சைவம். இறைச்சியும் மீனும் 2 சதவிகிதம் வீதமே. இறைச்சி அங்கே தடை செய்யப்படவில்லை. அதன் பங்கு மட்டுமே சுருங்கியது.

விளைவிப்போரின் பங்கு

உணவு நீடித்து விளையவேண்டுமாயின் அதை விளைவிப்போரும் வாழவேண்டும். அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள் 2001-ஆம் ஆண்டில் ஒரு பெரிய சிற்றுண்டி நிறுவனத்தைப் பகிஷ்கரிக்குமாறு அறைகூவினர். மாணவர்கள் அதற்குத் துணைநின்று, இருபதுக்கும் மேற்பட்ட கல்வி நிலையங்களில் அந்நிறுவனத்தின் கடைகளை அகற்றவோ வரவிடாது தடுக்கவோ செய்தனர். 2005-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஒரு பவுண்டு தக்காளிக்கு ஒரு சென்ட் கூடுதலாகத் தர இணங்கியது. தொகை சிறிது, ஆனால் பறிப்பவரின் கூலிக்கு வாங்குபவரும் பொறுப்பு என்ற கொள்கை அதனால் நிலைபெற்றது.

நம் நாட்டிற்கு உரியது எது?

இங்கிலாந்தின் தீர்வு இந்தியாவுக்கு அப்படியே பொருந்தாது. நம் மாணவர் விடுதிகளில் மாட்டிறைச்சி முக்கிய உணவன்று. நம்முடைய கணக்கு வேறு. தேங்கிய நீரில் விளையும் நெல்வயல்களிலிருந்தும் மெதேன் எழுகிறது. வயலை இடையிடையே காயவிட்டுப் பின் நீர் பாய்ச்சும் முறையால் அது வெகுவாகக் குறைகிறது, நீரும் மிச்சமாகிறது. குறைந்த நீரில் விளையும் கம்பு, கேழ்வரகு, சோளம், தினை ஆகியவற்றின் சிறப்பை உணர்த்தவே, இந்தியாவின் யோசனைப்படி, ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. வீணாதலும் பெரும் பிரச்சினையே. 2022-ஆம் ஆண்டில் உலகில் வீடுகளிலும் உணவு விடுதிகளிலும் கடைகளிலும் வீணான உணவு 105 கோடி டன் என ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டுள்ளது.

நம் விடுதிகள் பலவற்றில் உணவுப் பட்டியலை வகுக்கவும் செலவைக் கவனிக்கவும் மாணவர்களின் மெஸ் கமிட்டிகள் உண்டு. வேண்டிய அமைப்பு, ஆகவே, கையிலேயே இருக்கிறது. அதற்கு ஒரு தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். தட்டுகளில் மிஞ்சுவதை ஒரு மாதம் நாள்தோறும் எடைபோடலாம். பின்னர் பரிமாறும் கரண்டியைச் சிறிதாக்கலாம். வாரம் இருமுறை சிறுதானியம் சேர்க்கலாம். முன்னதாகவே பெயர் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். அடுத்த மாதம் மீண்டும் எடைபோட்டால் எம்முறை பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பது விளங்கிவிடும். அளந்து, மாற்றி, மறுபடியும் அளப்பதே கேம்பிரிட்ஜிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம். உணவுப் பட்டியலை நம் வயல்களே வகுத்துத் தரும்.