எர்னஸ்ட் கெயின்ஸ்: நூலில் இல்லாதோரின் ஆசிரியர்

பாடநூலில் இடம்பெறாத மக்களைப் பற்றி யார் கற்பிப்பது? ஆப்பிரிக்க அமெரிக்க நாவலாசிரியரும் பேராசிரியருமான எர்னஸ்ட் ஜே. கெயின்ஸ் (1933-2019) எழுப்பிய இவ்வினா ஆசிரியர்களாகிய நமக்கும் உரியதாகும். அவர்தம் வாழ்வையும் இரு நாவல்களையும் கொண்டு இதனை இங்கு நோக்குவோம்.

கெயின்ஸ், லூயிசியானா மாநிலத்துக் கரும்புத் தோட்டமொன்றில், முன்னாளில் அடிமைகள் வாழ்ந்த குடியிருப்பில் பிறந்தார். அங்குத் தேவாலயமே கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். வயல்வேலையின் பொருட்டு ஆண்டில் ஐந்தாறு மாதங்களே வகுப்பு நடைபெற்றது. எழுதத் தெரியாத முதியோர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக் கொடுத்தமை அவருக்கு முதற்பயிற்சியாயிற்று. 1948இல் கலிபோர்னியாவுக்குச் சென்ற பின்னரே பொது நூலகத்தினுள் நுழைய முடிந்தது. அங்குத் துர்கனேவ், செக்காவ் ஆகியோர் படைத்த உழவர்களைக் கண்டார். தம் மக்களைக் காணவில்லை. அக்குறையே அவரை எழுதத் தூண்டியது.

1971இல் வெளிவந்த 'மிஸ் ஜேன் பிட்மனின் தன்வரலாறு', அடிமையாகப் பிறந்து நூறு வயதைக் கடந்த மூதாட்டி கூறும் கதையாகும். அதனை ஒலிப்பதிவு செய்பவர் ஒரு வரலாற்று ஆசிரியர். கையிலுள்ள நூல்களில் அம்மூதாட்டி இல்லை என்பதே அவர் கூறும் காரணம். நூலகத்தில் கெயின்ஸ் உணர்ந்த வெற்றிடம் இங்கு நாவலின் கட்டமைப்பாக மாறுவதைக் காண்கிறோம். பலர் இதனை உண்மைத் தன்வரலாறு என்றே நம்பினர்.

1993இல் வந்த 'இறப்பிற்கு முன் ஒரு பாடம்' இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகின்றது. செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெறும் ஜெஃபர்சனை, அவனுக்காக வாதாடும் வழக்கறிஞரே பன்றியோடு ஒப்பிடுகிறார். அவன் மனிதனாக இறக்க வேண்டும் என விரும்பும் அவனுடைய ஞானத்தாய், தோட்டப்பள்ளி ஆசிரியர் கிராண்டின் துணையை நாடுகிறாள். தம் பணியில் நம்பிக்கை இழந்திருந்த கிராண்ட், சிறையிலிருக்கும் அவனுக்குக் குறிப்பேடும் பென்சிலும் தருகிறார். எழுத்துப்பிழை மலிந்த அவனது குறிப்புகளே நாவலின் உச்சம் எனலாம். நாம் சிவப்பு மையால் திருத்தக்கூடிய அவ்வெழுத்தில்தான் ஒருவன் தன்னை மனிதனெனக் கண்டுகொள்கிறான். இறுதியில் மாணவர்முன் கண்ணீர் விடும் ஆசிரியரே பாடம் கற்றவராகிறார்.

கெயின்ஸ் 1980களின் தொடக்கத்திலிருந்து 2004 வரை லஃபயெட் நகரிலுள்ள லூயிசியானாப் பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்தைக் கற்பித்தார். பின்னர்ப் பிறந்த மண்ணிலேயே வீடு கட்டி, தாம் பயின்ற தேவாலயக் கட்டடத்தை அழியாது காத்துத் தம் நிலத்தில் நிறுவினார். அவர் சிறுவராயிருந்தபோது கறுப்பினத்தவருக்கு நூலகக் கதவு மூடியிருந்த அதே மாநிலத்தில், 2008இல் பல்கலைக்கழக நூலகத்தினுள் அவர் பெயரால் ஆய்வு மையம் அமைந்தது. நூலில் இல்லாதவரை நூலில் சேர்ப்பதும் ஆசிரியப் பணியே என்பதை அவர்தம் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.