சும்மா இருக்கப் பயமா?

திங்கள் வீணை, செவ்வாய் மாதர் சங்கம், புதன் ஹிந்தி, வியாழன் பஜனை, சனிக்கிழமை தையல் வகுப்பு! "மூச்சுவிட நேரமில்லை" என்று அலுத்துக்கொள்ளும்போதே உங்கள் குரலில் கொஞ்சம் பெருமையும் தொனிக்கிறதே, கவனித்தீர்களா சகோதரி?

இத்தனையும் ஆசைப்பட்டு ஏற்றவைதானா? பாதி, 'சும்மா இருந்தால் பொழுது போகாதே' என்ற பயத்தில் ஏற்றவை அல்லவா?

2014-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா சர்வகலாசாலை மனோதத்துவ நிபுணர்கள் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். வெறும் அறையில் 15 நிமிஷம் தனியாகச் சிந்தித்துக்கொண்டிருக்க வேண்டும். அருகில் ஒரு பொத்தான். அமுக்கினால் மின்சார அதிர்ச்சி! சும்மா இருக்கமாட்டாமல் அதை அமுக்கியவர்கள் ஆண்களில் 18-க்கு 12 பேர். பெண்களில் 24-க்கு 6 பேர். நாம் எவ்வளவோ தேவலை!

ஆனால், பொழுதுக்குப் பயந்து ஏற்கும் காரியமும் அந்தப் பொத்தான் மாதிரிதான். அதிர்ச்சி மட்டும் மெதுவாக வரும்: தலைவலி, சிடுசிடுப்பு, கதை கேட்டு வந்த குழந்தைக்கு "அப்புறம், போ!" என்ற பதில்.

அடுத்த தடவை யாராவது அழைத்தால் உடனே தலையாட்டாதீர்கள். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். பிடித்ததை வைத்துக்கொண்டு, பயத்தில் ஏற்றதை விட்டுவிடுங்கள். வாரத்தில் ஒரு சாயந்திரம் காலியாகவே இருக்கட்டும். முதலில் கை பரபரக்கும். பொறுத்திருங்கள், குழந்தை மறுபடியும் கதை கேட்டு வரும்!