பச்சை பட்டனிலிருந்து கையை எடுத்த பிறகும் மோட்டார் ஓடுவது எப்படி?

மாவு மில்லில் அரைத்துக்கொண்டிருக்கும்போது கரன்ட் போகிறது. பெல்ட் நின்றுவிடுகிறது. எங்கே அடைத்துக்கொண்டது என்று பார்க்க ஒருவர் உள்ளே கையை விடுகிறார். அந்த நேரம் பார்த்து கரன்ட் திரும்பி வந்தால்?

ஒன்றும் ஆகக் கூடாது. யாராவது மறுபடி பச்சை பட்டனை அழுத்தும்வரை மெஷின் அசையவே கூடாது. மோட்டார் கன்ட்ரோல் கற்றுக்கொள்பவர்கள் முதலில் வயரிங் செய்து பழகும் டி.ஓ.எல் ஸ்டார்ட்டரிலேயே இதற்கான ஏற்பாடு இருக்கிறது.

'டைரக்ட் ஆன் லைன்' என்பதன் சுருக்கம்தான் டி.ஓ.எல். பம்ப் செட் ரூமிலும் மில் சுவரிலும் பச்சை, சிவப்பு பட்டன்களோடு இருக்கும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே முக்கியமானவை இரண்டுதான்: கான்டாக்டர், ஓவர்லோடு ரிலே.

கான்டாக்டருக்குள் ஒரு காயில் இருக்கிறது. அதற்குக் கரன்ட் கொடுத்தால் காந்தமாகி, மூன்று பேஸையும் ஒரே நேரத்தில் 'டக்' என்று இணைத்துவிடும். கரன்ட் நின்றால் ஸ்பிரிங் பிரித்துவிடும்.

பச்சை பட்டன் அழுத்தும்போது மட்டுமே இணைப்பு கொடுக்கும். கையை எடுத்தால் பிரிந்துவிடும். அப்படியென்றால் மோட்டார் எப்படித் தொடர்ந்து ஓடுகிறது?

ரகசியம், கான்டாக்டரில் 13, 14 என்று எண் போட்டிருக்கும் ஒரு சின்ன துணை கான்டாக்டில் இருக்கிறது. அதைப் பச்சை பட்டனுக்குப் பேரலலாக இணைக்கிறார்கள். கான்டாக்டர் இழுத்ததும் இதுவும் சேர்ந்துகொள்ளும். பிறகு பட்டனை விட்டாலும் இந்த வழியாகக் காயிலுக்குக் கரன்ட் போய்க்கொண்டே இருக்கும். இதற்குப் பெயர் 'ஹோல்டிங்'. மின்வெட்டு வந்தால் காயில் விட்டுவிடும், 13-14ம் பிரிந்துவிடும். கரன்ட் திரும்பி வந்தாலும் காயிலுக்குப் போக வழியே இருக்காது.

பட்டனுக்குப் பதிலாக வீட்டு லைட் சுவிட்ச் ஒன்றைப் போட்டாலும் மோட்டார் ஓடத்தான் செய்யும். ஆனால், கரன்ட் வந்ததும் தானாகவே ஓடும். பட்டன் விலையை மிச்சம் பிடிக்கிற இடமா இது?

சிவப்பு பட்டன் நேர் எதிர். அது எப்போதும் சேர்ந்தே இருக்கும், அழுத்தினால்தான் பிரியும். ஏன் இப்படி? அதற்குப் போகும் வயர் அறுந்துவிட்டால், மெஷின் உடனே நின்றுவிடும். மாற்றி வைத்திருந்தால், வயர் அறுந்தது யாருக்கும் தெரியாது. அவசரத்துக்கு அழுத்தும்போதுதான் வேலை செய்யவில்லை என்று தெரியவரும்.

டயலைத் திருப்பாதீங்க!

ஓவர்லோடு ரிலேவின் 95-96 கான்டாக்டும் இதே வரிசையில்தான் வரும். 10 ஹெச்.பி மோட்டார் ஓடும்போது சுமார் 14 ஆம்பியர் எடுக்கும். டி.ஓ.எல்-லில் கிளம்பும் சில விநாடிகள் மட்டும் அதைப்போல 6 மடங்குக்கும் மேல் இழுக்கும். அதைப் பொறுத்துக்கொண்டு, தொடர்ந்து அதிகம் இழுத்தால் மட்டும் ரிலே ட்ரிப் ஆகும். ஒரு பேஸ் போய்விட்டால் மீதி இரண்டும் கூடுதலாக இழுத்து வைண்டிங் சூடாகும். அப்போது காப்பாற்றுவதும் இந்த ரிலேதான். 'அடிக்கடி ட்ரிப் ஆகுது' என்று டயலை ஏற்றி வைப்பவர்கள், கடைசியில் மோட்டாரைக் காயில் கட்டத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

பெரிய மோட்டார்களுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைப்பதும் கிளம்பும்போது இழுக்கும் கரன்ட்டைக் குறைக்கத்தான். அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். கூடவே இழுவிசையும் அதே அளவு குறைந்துவிடும் என்பதால், முழு லோடோடு கிளம்ப வேண்டிய மெஷினுக்கு இது சரிப்படாது.

பழகுகிறவர்கள் மோட்டாரை இணைக்காமல், கன்ட்ரோல் வயரிங்கை மட்டும் முடித்து 'டக்' சத்தம் வருகிறதா என்று முதலில் பார்க்கலாம். அதிலும் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் இருக்கும் என்பதால், தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு மெயினை ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து பாருங்கள். கான்டாக்டர் தானாக இழுத்தால், ஹோல்டிங் வயரை எங்கோ தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

தோட்டத்து பம்ப் செட் மட்டும் விதிவிலக்கு. த்ரீ பேஸ் எந்த நேரத்தில் வருமோ என்று பலர் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார்கள். கரன்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட வேண்டும் என்பதற்காகவே வைத்தது அது. அந்த மோட்டாரில் கை வைப்பதற்கு முன் மெயினை ஆஃப் செய்து, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.