உங்களுக்குத் தெரியுமா? பபூன் தொடங்கும் வள்ளி திருமணம்

மதுரை வட்டாரத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ‘வள்ளி திருமணம்’ ஸ்பெஷல் நாடகத்தை முருகனும் வள்ளியும் தொடங்குவதில்லை. முதலில் மேடையேறுபவர் பபூன் என்ற கோமாளி. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகம் இது. ஆனால் கதைக்கு முந்தைய இந்த நேரம் முழுக்கப் பபூனின் சொந்தச் சரக்கு. ஆர்மோனியமும் மிருதங்கமும் துணை நிற்க, பாட்டும் பகடியுமாகக் கூட்டத்தைத் தன்வசப்படுத்துகிறார். பிறகு நடனக்காரி வருகிறார். நடுத்தெருவில் இருவரும் மோதிக்கொள்கிறார்கள். யார் மேல் தப்பு என்று சண்டை, ஆட்டத்தில் போட்டி, கடைசியில் காதல். தினைப்புனத்தில் வேடனாக வரும் முருகனும் வள்ளியும் தர்க்கம் செய்து சேரப்போகும் கதை, சாதாரண மனிதர்கள் வழியாக முன்கூட்டியே நடந்துவிடுகிறது. தனித்தனியே ஒப்பந்தமாகி வரும் இக்கலைஞர்கள் ஒத்திகையே பார்ப்பதில்லை என்பது இன்னும் வியப்பு.

பெரிய கதையின் ஓரத்தில் சாதாரண மனிதர்களை முன்னிறுத்தும் இந்த உத்திக்கு நெருக்கமான ஒன்றை மேலைநாட்டில் நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டு செய்தார். ‘ஹாம்லெட்’டில் சிறு வேடங்களான ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன் இருவரையும் நாயகர்களாக்கிய அவரது நாடகம் 1966-ல் எடின்பரோவில் அரங்கேறியது. அவரே இயக்கிய அதன் திரைவடிவம் 1990-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்றது.