பெட்டியில் வந்த மோட்டார் வண்டி



மோட்டார் வண்டியை விலை கொடுத்து வாங்கி, சாவியைப் பெற்று, வீட்டுக்கு ஓட்டி வருவதே நாம் அறிந்த வழக்கம். அதைத் துண்டு துண்டாகப் பெட்டிகளில் வாங்கிவந்து, கொட்டகையில் பரப்பிவைத்து, தாமே பூட்டி ஓட்டியவர்களும் உலகில் உண்டு. அவ்வகை வண்டியைக் ‘கிட் கார்’ என்பர். அத்தகைய ஒன்றுடன் 2022ஆம் ஆண்டில் ஆறு வாரம் பழகும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பத்தாம் வகுப்பில் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகே பொறியாளராக இருக்கிறார். அவர் அழைப்பை ஏற்றுச் சென்றேன். ஊர் பார்க்கப் போனவன், பெரும்பொழுதை அவருடைய கொட்டகையிலேயே கழித்தேன்.

அங்கே நின்றது ‘லோட்டஸ் செவன்’ என்னும் ஆங்கில நாட்டு வண்டி. காலின் சாப்மன் என்னும் பொறியாளர் 1957இல் அறிமுகப்படுத்தியது. மாணவருடையது 1960இல் தொடங்கிய இரண்டாம் வரிசையைச் சேர்ந்தது. அதற்குக் கதவு கிடையாது. உள்ளே அமர்ந்து கையைத் தொங்கவிட்டால் விரல் தரையைத் தொடும். எடை ஐந்நூறு கிலோவுக்கும் குறைவு. என் வயதில் அதனுள் இறங்குவதும் ஏறுவதும் தனி ஆசனப் பயிற்சி.

இதைப் பெட்டியில் ஏன் விற்றார்கள்? காரணம் வரி. அக்காலப் பிரிட்டனில் புதிய காருக்குக் கொள்முதல் வரி மிகக் கடுமை. 1959இல் அறுபது விழுக்காட்டிலிருந்து ஐம்பதாகக் குறைத்ததே பெரிய சலுகையாகப் பேசப்பட்டது. பூட்டாத உறுப்புகளுக்கோ அவ்வரி இல்லை. ஆனால் வாங்குபவர் கூலி கொடுத்துப் பூட்டுவிக்கலாகாது, தாமே பூட்டவேண்டும். பூட்டும் முறையை விளக்கும் கையேடு தருவதும் விதிக்குப் புறம்பு என்பதால், வண்டியை எப்படிக் கழற்றுவது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொள்ள வேண்டியது. ஆர்வலர் இன்றும் சிரித்துச் சொல்லும் கதை இது. பாடத்தைத் தலைகீழாகப் படித்துத் தேர்வெழுதிய பிள்ளைகளை நானும் கண்டிருக்கிறேன். ஆகவே நம்பத் தடையில்லை. 1973இல் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது, அச்சலுகையும் மறைந்தது.

வீட்டில் பூட்டிய வண்டிக்கு வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு. முதல் உடைமையாளர் கையில் எது கிடைத்ததோ அது ஏறியிருக்கும். ஆகவே அறுபது ஆண்டுகள் கழித்து, தாய்நாட்டுக்கு வெளியே இதை வைத்திருப்பவர் முதலில் அறியவேண்டியது, ஒவ்வோர் உறுப்பும் எந்தக் குடியிற் பிறந்தது என்பதே. சாப்மன் எல்லா உறுப்பையும் தாமே வார்க்கவில்லை. இரும்புக் குழாய்ச் சட்டமும் மேற்கூடும் லோட்டசுக்கே உரியவை. ஏனையவை பெருவாரியாகத் தயாரான மலிவுக் கார்களிலிருந்து பெற்றவை. மாணவருடைய வண்டியில் எஞ்சின் ஃபோர்டு ஆங்கிலியா காருடையது. பின் அச்சு ஸ்டாண்டர்டு கம்பேனியன் காருடையது. திருப்பும் பொறியும் முன்சக்கரத் தாங்கியும் டிரயம்ப் ஹெரால்டு காருடையவை.

ஹெரால்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1961 முதல் சென்னைக்கு அருகே வண்டலூரில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரான அதே வண்டியன்றோ! எங்கள் ஊர் மருத்துவரிடம் ஒன்று இருந்தது. 1971இல் ஒருநாள் கடைவீதியில் திரும்பும்போது அதன் முன்சக்கரம் ஒன்று மடிந்து சாய்ந்தது. சிறுவர் நாங்கள் கூடி நின்று பார்த்தோம். பட்டறை மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, “கிரீஸை அடைத்துக் கெடுத்திருக்கிறார்கள், எண்ணெயல்லவா விடவேண்டும்” என்று சலித்துக்கொண்டார். அன்று அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில்தான் விளங்கிற்று.

ஜெர்மனியில் இத்தகைய கார்களை இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் காட்டவேண்டும். நான் போய்ச் சேர்ந்த வாரத்தில் பரிசோதகர் முன்சக்கரத்தை இரு கையாலும் பற்றி ஆட்டினார். அது தளர்ந்து அசைந்தது. ஒரு மாதத்துக்குள் செப்பனிட்டுக் காட்டவேண்டும், தவறினால் முழுப் பரிசோதனையும் மீண்டும் முதலிலிருந்து என்று எழுதித் தந்துவிட்டார்.

சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத் துண்டின் அடிமுனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அது ‘ட்ரன்னியன்’ என்னும் வெண்கலக் கூட்டுக்குள் திருகி நிற்கும். நாம் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அம்மரை சிறிதே சுழலும். அதற்குக் கியர் எண்ணெய் விடவேண்டும் என்பது தயாரித்தவர் கட்டளை. கிரீஸ் அடைத்தால் அது மரையின் அடிவரை இறங்காது; நாளடைவில் இறுகும்; நீர் புகும்; எஃகு துருவேறும்; ஒருநாள் மரையின் வேரிலேயே ஒடியும். மருத்துவரின் வண்டிக்கு நேர்ந்தது அதுவே. ஊர்ந்து திரும்பும் வேகத்தில் ஒடிந்தது அவர் நல்வினை. என் மாணவர் தம் மகளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் விரைபவர்.

மாணவர் முதலில், லோட்டஸ் செவனுக்கு ட்ரன்னியன் வேண்டும் என்று சில விற்பனையாளருக்கு எழுதினார். இல்லை என்றே விடை வந்தது. பின்னர் ஹெரால்டுக்கு வேண்டும் என்று கேட்டார். ஒன்பது நாளில் இங்கிலாந்திலிருந்து பொதி வந்தது. கேட்ட பொருள் ஒன்றே. கேட்ட பெயர்தான் வேறு. ஹெரால்டும் அதன் உறவான ஸ்பிட்ஃபயரும் இலட்சக்கணக்கில் ஓடியவை. அவற்றின் உறுப்புகளை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள்.

ஆயினும் ஒரு பிழை நேர்ந்தது. அவர் ஒரே எண்ணில் இரண்டு வாங்கிவிட்டார். வலப்பக்க மரையும் இடப்பக்க மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை; இரண்டாவது கூடு ஏற மறுத்தது. மீண்டும் ஒரு பொதி, மீண்டும் சுங்கம். 2021 முதல் பிரிட்டனிலிருந்து ஜெர்மனிக்கு வரும் பொருளுக்கு அங்கே பத்தொன்பது விழுக்காடு இறக்குமதி வரி. வரிக்கு அஞ்சிப் பெட்டியில் பிறந்த வண்டி முதுமையில் அதைத் தவணை முறையில் செலுத்துகிறது என்று சொல்லிச் சிரித்தோம்.

இதற்கிடையே சென்னை நண்பர் ஒருவரிடம் சொல்லிப் புதுப்பேட்டையில் தேடச் செய்தேன். பழைய ஹெரால்டின் எஃகுத் துண்டொன்று கிடைத்ததாகப் படமும் அனுப்பினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாணவரோ, “ஐயா, விளக்கும் கைப்பிடியும் பழையவை வாங்கலாம். சக்கரம் இதை நம்பித்தான் நிற்கிறது, உள்ளே கீறல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது” என்று பணிவாக மறுத்துப் புதியதையே வருவித்தார். அவர் செய்ததே சரி.

அடுத்த இடர் திருகாணிகள். ஜெர்மானியக் கடைகளில் மில்லிமீட்டர் அளவே எளிதில் கிடைக்கும். இவ்வண்டியோ அங்குல அளவுடையது. எட்டு மில்லிமீட்டர்த் திருகாணியும் பதினாறில் ஐந்து பங்கு அங்குலத் திருகாணியும் பருமனில் 0.06 மில்லிமீட்டரே வேறுபடும். முன்னதில் மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர், பின்னதன் நுண்மரையில் அங்குலத்துக்கு 24, அதாவது ஏறத்தாழ 1.06. ஒன்றை மற்றதன் துளையில் இட்டால் முதற் சுற்று இணங்கிப் போகும், பிறகு இறுகும், வலிந்து முறுக்கினால் மரை அழியும். முன்னைய உடைமையாளர் ஒருவர் அவ்வாறு முறுக்கிய துளைகள் நான்கைக் கண்டோம். அங்குல அளவிலும் பழைய ஆங்கில மரை வேறு, 1940களின் இறுதியில் அமெரிக்காவும் கனடாவும் பிரிட்டனும் இணங்கி வகுத்த மரை வேறு. மரை அளவி என்னும் சீப்புப் போன்ற கருவியைப் பல்லுக்குப் பல் பொருத்திப் பார்த்தே துணிதல் வேண்டும்.

எண்ணெய்க் கறை படியாத வேலை எனக்கும் ஒன்று கிடைத்தது. கோடிட்ட குறிப்பேடு ஒன்றை எடுத்து, உறுப்பு, பிறந்த கார், ஆண்டு, எண், மரை, கிடைக்குமிடம் என ஆறு பத்திகள் வரைந்தேன். மாணவர் படுத்தபடி வார்ப்பில் பொறித்த எண்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன். வருகைப் பதிவேட்டுக்குப் பின் நான் இத்துணை ஊக்கத்துடன் எழுதியது இதுவே. லோட்டசுக்கே உரிய உறுப்புகளுக்கு வந்தபோதுதான் கை தயங்கிற்று. 1973இல் கேட்டர்ஹம் நிறுவனத்தார் செவனைத் தயாரிக்கும் உரிமை பெற்றார்கள். அதன் வழித்தோன்றல்களை இன்றும் செய்கிறார்கள். ஆயினும் அவை மூன்றாம் வரிசையின் வழியில் வந்தவை. எல்லாம் இதற்குப் பொருந்துவதில்லை. கண்ணாடியிழை மூக்கு வெடித்தால் ஒட்டலாம். சட்டக் குழாய் விரிந்தால் தேர்ந்த கையால் பற்றவைக்கலாம். தொலைந்தால் செய்துதான் கொள்ளவேண்டும்.

இருபத்தேழாம் நாள் மறுபரிசோதனை நடந்தது. பரிசோதகர் மீண்டும் சக்கரத்தைப் பற்றி ஆட்டினார், அசையவில்லை. முத்திரை ஒட்டித் தந்தார். திரும்பும் வழியில் நான் மடியில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, காற்று தாள்களைப் பிய்த்துவிடாமல் பிடித்தவாறே வந்தேன். அதில் நூற்றுப்பதினான்கு வரிகள் நிறைந்திருந்தன. முகப்புக் கண்ணாடியின் தாங்கி, எரிபொருள் தொட்டியின் மூடி ஆகிய இரண்டுக்கு நேரே மட்டும் பிறந்த குடி இன்னும் எழுதப்படவில்லை.